செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பெற்றோரோடு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நூலகம், சுதந்திர தினக் கொடியேற்றம், மரக்கன்று எல்லாம் வழக்கம்போல நடந்தன. இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு ஒரே வேலைக்குப் போனது: சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளை அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளில் சேர்ப்பது.

ராஜாமடத்தில் அந்தப் பல்கலைக்கழகமே நடத்தும் பட்டுக்கோட்டை உறுப்புக் கல்லூரி இருக்கிறது. பக்கத்திலேயே இருந்தும் அது அரசுக் கல்லூரி, கட்டணம் குறைவு என்பது நம் வீடுகள் பலவற்றுக்குத் தெரியவில்லை. தனியார் கல்லூரி ஏஜென்ட் மட்டும் மார்ச் மாதமே வாசலுக்கு வந்துவிடுகிறார்.

இந்த வேலையை நாம் கையில் எடுக்கக் காரணம் 2023இல் நடந்த ஒன்று. நம் தெருப் பெண் ஒருத்தி பொறியியல் சேர்க்கைக்கு நல்ல கட்-ஆஃப் மதிப்பெண் வைத்திருந்தாள். அப்பா திருப்பூரில், வீட்டில் இருந்தது பட்டன் போன் ஒன்றுதான். விண்ணப்பம் போட்டுக்கொடுத்த பிரவுசிங் சென்டரில் சென்டரின் போன் நம்பரையே பதிவு செய்துவிட்டார்கள். கலந்தாய்வில் அவளுக்கு ஒரு கல்லூரியில் தற்காலிகமாக இடம் ஒதுக்கிய செய்தி அந்த நம்பருக்குப் போனது. உறுதி செய்ய இருந்தது இரண்டு நாள். அவளுக்குத் தெரிந்தது நான்காம் நாள். கிடைத்த இடம் கையை விட்டுப் போனது. அன்று அவள் அம்மா நம் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது இதுதான்: "மார்க் எடுத்தா போதும்னுதானே சார் சொன்னீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் மண்டபத்தில் மைக் வைத்துப் பேசுவதை விட்டுவிட்டு, ஜனவரி முதல் தெருத்தெருவாக, சாயங்காலம், அம்மாக்கள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போனோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு பொறியியல் சேர்க்கையில் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு; அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது என்று சொன்னால் முதலில் நம்பவே மாட்டார்கள். மாணவிகளுக்கான புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் ஆகிய அரசுத் திட்டங்கள் இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் வருவதைச் சொன்ன பிறகுதான் நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

"பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு இன்ஜினியரிங்" என்று ஒரு பாட்டி கேட்டார். 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்து, அதற்குப் பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து 1940களிலேயே இன்ஜினியரான அ. லலிதாவின் கதையைச் சொன்னோம். பாட்டி கேட்ட அடுத்த கேள்வி, "அந்தக் குழந்தையை யார் பாத்துக்கிட்டா?" அந்தக் கேள்வியில்தான் அவர் மனசு எங்கள் பக்கம் திரும்பியது.

தேர்வு முடிந்த கையோடு சான்றிதழ் வேலை. சாதி, வருமானம், முதல் பட்டதாரி என்று எது குறைந்தாலும் மே மாதத்தில் இ-சேவை மையத்தில் வரிசை நிற்க வேண்டியிருக்கும், ஏப்ரலிலேயே வாங்கிவிட்டோம். விண்ணப்பத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு போன் நம்பரையே கொடுத்தார்கள்.

வேண்டிய கல்லூரி, பாடப் பிரிவுகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்யும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு ஆளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு. ஒரு பக்கம் கல்லூரிக் குறியீடு, எதிர்ப் பக்கம் பாடப் பிரிவு. ஒரு நோட்டின் ஓரத்தில் அம்மா ஒருவர் பென்சிலால் "ஆஸ்டல் இருக்கா" என்று வரிசையாக எழுதியிருந்தார். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றிருக்க, நாலைந்தோடு நிறுத்துவதுதான் நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. வேண்டியதை மேலே போடு, கிடைக்கக்கூடியதைக் கீழே விடாமல் எழுது என்று ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்தோம். எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸையே கேட்டார்கள். சிவில், மெக்கானிக்கலைத் தமிழ் வழியிலும் படிக்கலாம் என்பதை நாம் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இது நம் குறை.

இன்னொரு குறையும் உண்டு. பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியை இந்த ஆண்டு நாம் தொடவே இல்லை. அப்புறம், சேர்ந்தவர்களில் சிலர் முதல் செமஸ்டர் கணக்கிலும் ஆங்கிலத்திலும் திணறுகிறார்கள். சீனியர் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் பாடம் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சான்றிதழ்களுக்காக எங்களோடு அலைந்த தலைமை ஆசிரியர்களுக்கும் இ-சேவை மையத் தம்பிக்கும் நன்றி. லேப்டாப் வைத்திருக்கும் உறுப்பினர்கள், மே மாதம் இரண்டு சாயங்காலம் தர முடியுமானால், போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகவும்.

செயலாளர்