கேரட் அழுகலுக்குப் பூஞ்சைக்கொல்லி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஊட்டி கேரட் மேட்டுப்பாளையம் மண்டியைத் தாண்டி வெளியூர் போவதற்குள் மூட்டையிலேயே கூழாகிவிடுவது பற்றி வேளாண் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். வெயில்தான் காரணம், கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளித்தால் தீரும் என்று கட்டுரை முடிகிறது. வெயில் வேகப்படுத்தும், அவ்வளவுதான். அழுகவைப்பது பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. கார்பன்டசிம் அதை ஒன்றும் செய்யாது.

கேரட்டின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். கேலக்டுரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலம் கோத்த நீண்ட சங்கிலிகள் அவை. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைக் கால்சியம் பிணைக்கிறது. காயத்தில் நுழைந்த பாக்டீரியா எடுத்த எடுப்பில் தாக்குவதில்லை. தான் கசியவிடும் ஒரு சமிக்ஞைப் பொருளின் அடர்த்தியை வைத்துக் கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று அறிந்த பிறகே நொதிகளைப் பெருமளவில் சுரக்கும். முதலில் பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற நொதி சங்கிலியில் உள்ள மெத்தில் குழுக்களைக் கழற்றும். அப்படி வெறுமையான இடங்களைப் பாலிகேலக்டுரோனேஸ், பெக்டேட் லையேஸ் என்ற இரு நொதிகளும் வெட்டும். முன்னதற்குச் சற்றே அமிலச் சூழல் பிடிக்கும். லையேஸுக்குக் கால்சியமும் 8-க்கு மேல் கார அமில நிலையும் (pH) வேண்டும். அழுகல் முற்ற முற்றத் திசுவின் அமிலத்தன்மை குறைவதால் லையேஸின் கை ஓங்குகிறது. வெட்டிய துண்டுகளைப் பாக்டீரியா செரிக்கையில் உண்டாகும் ஒரு சேர்மம், மேலும் லையேஸ் தயாரிக்கச் சொல்லி அதன் மரபணுக்களையே முடுக்கிவிடுகிறது. நகக்கண் அளவு ஈரப்புள்ளி சில நாளிலேயே முழுக் கேரட்டையும் தின்பது இதனால்தான்.

1901-ல் இந்தப் பாக்டீரியாவைக் கேரட்டிலிருந்தே பிரித்து விவரித்தவர் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருந்த எல். ஆர். ஜோன்ஸ். பாக்டீரியாவை நீக்கிய திரவம் மட்டுமே கேரட் திசுவைக் கரைத்துவிடும் என்பதையும் அவர் காட்டினார். ஆக, மூட்டையில் ஒரு கேரட் கசிந்தாலும் போதும். அந்தச் சாறு பாக்டீரியாவையும் நொதியையும் சேர்த்தே அடுத்த கேரட்டின் மேல் பூசும். (குடலைப் பிடுங்கும் நாற்றம் பெரும்பாலும் பின்னால் குடியேறும் வேறு பாக்டீரியாக்களுடையது.)

கோளாறு தொடங்குவது கழுவுமிடத்தில். இயந்திர உருளையில் புரளும்போது நுனி ஒடிகிறது, தோல் உரிகிறது. அதே அழுக்கு நீர் சுற்றிச் சுற்றி வந்து எல்லாக் காயங்களையும் நனைக்கிறது. பிறகு ஈரத்தோடு மூட்டை கட்டுகிறார்கள். மேலே படிந்த நீர்ப்படலம் காற்றைத் தடுக்கும். காயம் ஆற ஆக்சிஜன் வேண்டும், பெக்டோபாக்டீரியத்துக்கு அது இல்லாமலும் ஓடும்.

மண்ணை முதல் தொட்டியிலேயே போக்கிவிட்டு, இரண்டாவது தொட்டியின் தெளிந்த நீரில் மட்டும் குளோரின் கலக்க வேண்டும். 1,000 லிட்டருக்கு குளோரின் தரும் 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 1 லிட்டர் ஊற்றினால் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) கிடைக்கும். சேற்று நீரில் ஊற்றினால் சேறே குளோரினைத் தீர்த்துவிடும். கார அமில நிலை 7-ஐ ஒட்டி இருக்கட்டும். 8-ஐத் தாண்டினால் வீரியம் குறையும். ஓரிரு நிமிடம் முக்கி, நல்ல நீரில் அலசி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, ஒடிந்தவற்றைக் கழித்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். ஏற்கெனவே காயத்துக்குள் புகுந்ததைக் குளோரின் கொல்லாது. நீர் வழியாகப் பரவுவதைத்தான் தடுக்கும். உள்ளே போனதை அடக்கிவைக்கக் குளிர்ச்சி ஒன்றுதான் வழி, 5 டிகிரிக்குக் கீழே.

பூஞ்சைக்கொல்லிப் பரிந்துரையை அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிடுங்கள். அறுவடை முடிந்த கேரட்டில் அடிக்கும் மருந்து நேரே பச்சடிக்குத்தான் போகும்.

– தாவர நோயியல் பயிற்றுநர், கோத்தகிரி