கைக்குழந்தைக்கும் மூடிய கதவு

ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர் 'பிறப்பால் குடிமகனாக' இருக்க வேண்டும் என்ற விதி பற்றிய கட்டுரையைப் படித்தேன். 35 வயது, 14 ஆண்டு வசிப்பு என்ற மற்ற நிபந்தனைகளில் இவ்வளவு குழப்பமில்லை. இந்தச் சொற்றொடருக்கு மட்டும் அரசியல் சட்டம் விளக்கமே தரவில்லை. அப்போது அமெரிக்கக் கட்டுப்பாட்டில் இருந்த பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்த அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் 'பிறப்பால் குடிமகன்'தான் என்று 2008இல் செனட் சபை தனித் தீர்மானமே நிறைவேற்றியது. அமெரிக்க மாநிலமான ஹவாயில் பிறந்த ஒபாமாவோ, வெளிநாட்டில் பிறந்தவர் என்ற வதந்தியால் 2011இல் முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிடும் நிலைக்குத் தள்ளப்பட்டார். அதை அவமதிப்பு என்றே சொல்வேன்.

என் தங்கை மகள் நியூஜெர்சியில் வசிக்கிறாள். அவளுடைய மூத்த மகன் திருச்சியில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக விமானம் ஏறியவன். இளையவன் அங்கேயே பிறந்தவன். இருவரும் ஒரே பள்ளியில், காலைதோறும் நெஞ்சில் கைவைத்து ஒரே உறுதிமொழியைச் சொல்லி வளர்ந்தார்கள். மூத்தவனும் இன்று குடியுரிமை பெற்று வாக்களிக்கிறான். ஆனால் அதிபர் பதவி தம்பிக்கு மட்டுமே திறந்திருக்கிறது. இது எந்த விதத்தில் நியாயம்?

அந்நியத் தலையீட்டுக்கு அஞ்சி 1787இல் எழுதிய விதி இது. திருத்த 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும், கடினம்தான். ஆனாலும், குடியுரிமை பெற்று 20 ஆண்டுகள் ஆனவர்கள் போட்டியிடலாம் என்று 2003இல் செனட்டர் ஆரின் ஹேட்ச் முன்வைத்த திருத்தத்தை மீண்டும் விவாதத்துக்கு எடுக்க வேண்டும்.

- ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்