ஏழையர் உதவிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் கூட்டப்பட்டன. அவற்றுள் மூன்று போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்டன. தவக்கால உடைச் சேகரிப்பு வழக்கம்போல் நடந்தது. 2017 முதல் திருச்சபை கடைப்பிடித்துவரும் உலக வறியோர் நாளன்று பொருள் வழங்கும் நிகழ்ச்சிக்கு மட்டும் அனைவரும் வந்திருந்தனர். குழுப்படத்தில் நிற்க இடம் போதவில்லை.

வீடு சந்திப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. இதை நான் முன்மொழிந்தபோது, மண்டபத்தில் வைத்து வழங்கினால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. 1833-இல் பாரிசில் 20 வயது மாணவராக இருந்த பிரெடரிக் ஓசானாம் தம் நண்பர்களுடன் ஏழையர் பணியைத் தொடங்கியபோது, அருட்சகோதரி ரோசலி ரெந்து அவர்களுக்குக் காட்டிய வழி ஏழைகளின் வீட்டுக்கே செல்வதுதான். மண்டபத்துக்கு வர இயலாதவரும் வரக் கூசுபவரும் எந்த வரிசையிலும் தென்படமாட்டார்கள். தொடக்கத் திருச்சபையின் அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டதாக முறையீடு எழுந்ததால்தான் அதைக் கவனிக்க எழுவர் நியமிக்கப்பட்டனர் என்று விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் பட்டியலிலும் அவ்வாறு விடுபட்டிருந்த ஒரு மூதாட்டி, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைக் கையால் துடைத்து எனக்குப் போட்டுவிட்டு, தலையணைக்கடியிலிருந்து பிரிக்காத கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய உதவித்தொகை ஏன் நின்றது என்ற விளக்கம் அதில் இருந்தது. ஒரு கையொப்பம்தான் குறை. பொட்டலத்தை யார் கையிலாவது கொடுத்தனுப்பியிருந்தால் அக்கடிதம் இன்றும் அங்கேயே கிடந்திருக்கும்.

இருவர் இருவராகச் செல்ல வேண்டும் என்பது நாமே நிறைவேற்றிய தீர்மானம். ஆயினும் கடைசி ஐந்து மாதங்களில் பெரும்பாலும் நானும் பொருளாளருமே சென்றோம். இரு முறை நான் தனியாகச் சென்றேன். அலுவலகம், உடல்நலம், பிள்ளைகளின் தேர்வு ஆகிய காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்வு ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. பசித்தவரிடம் நலமாகப் போய்வாருங்கள் என்று வாயால் மட்டும் சொல்பவரைப் பற்றி யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் உள்ளதை உறுப்பினர்கள் வீட்டில் படித்துக்கொள்ளலாம்.

வரவு செலவு சரிபார்க்கப்பட்டுள்ளது. காணிக்கைப் பெட்டியின் வரவால் செலவை ஒருவாறு ஈடுகட்டி, சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரம் பொருளாளரிடம் கிடைக்கும். சந்தா பாக்கி பெரிது. உதவி பெறுவோரின் பெயர்களை வெளியிடுவதில்லை என்ற நம் விதியின் சலுகை, பங்குத்தந்தையின் வேண்டுகோளின்படி, இவ்வாண்டு பாக்கிதாரர்களுக்கும் அளிக்கப்பட்டுள்ளது.

பங்குத்தந்தைக்கும், மண்டபத்தைத் திறந்து உதவிய கோயில் பணியாளருக்கும், நன்கொடையாளர்களுக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில் இப்பொறுப்பில் தொடர்வது பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. வீடு சந்திப்பை ஏற்று நடத்த இருவர் முன்வந்தால் குறிப்பேட்டை இன்றே ஒப்படைத்துவிடுவேன். அது மேசை மீது உள்ளது. வரும் சனிக்கிழமைக்கான பக்கத்தில் செல்வோர் பெயர் இன்னும் எழுதப்படவில்லை.