தொழிலுக்குக் கேமரா வாங்கும் இளைஞர்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்திலும் ஏற்காட்டிலும் 22 ஆண்டுகளாகத் திருமணங்களைப் படமெடுத்து வாழ்ந்துவரும் நான், இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் கேமரா வாங்கும் முறையைக் கண்டு மிகுந்த கவலையுடன் இதை எழுதுகிறேன். கடையில் அவர்கள் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள், என்பதைத்தான்; அந்த எண் பெரிதாக இருந்தால், வீட்டு நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடுகிறார்கள்.

நம் ஊரில் பலரும் விரும்பிக் கேட்கும், விரித்தால் 12-க்கு 36 அங்குலமாகும் ஆல்பத்தில் ஒரு பக்கம் என்பது 12-க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டாலும் 3600-க்கு 5400 புள்ளிகளே வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா 4000-க்கு 6000 தந்துவிடுகிறது. அதற்கு மேல் செலவிடும் பணம் லென்ஸுக்குப் போகவேண்டிய பணம் என்பது என் உறுதியான கருத்து. கேமராவுடன் சேர்த்துத் தரும் சாதாரண ஜூம் லென்ஸ், தூரத்தில் இருப்பவரை நெருக்கி எடுக்கும்போது பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும் (இந்த எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும்); எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு; கூடினால் படம் சொரசொரப்பாகும்) 6400 வைக்கவேண்டிய மங்கலான மண்டபத்தில் 1600 போதுமானதாகிறது. விடியற்கால முகூர்த்தத்தில் மணமகளின் முகமும் பட்டுச் சரிகையும் தெளிவாகப் பதிவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

அடுத்து, இரண்டு மெமரி கார்டு போடும் வசதி. 2018-ல் வெளிவந்த நிக்கான் இசட் 6, கேனான் ஈஓஎஸ் ஆர் ஆகிய நல்ல கேமராக்களில்கூட ஒரு கார்டுக்கே இடமிருந்தது. அதே ஆண்டின் சோனி ஏ7 மார்க் 3-ல் இரண்டு கார்டுகளுக்கு இடமிருந்தது. பழைய கேமரா வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அம்மாப்பேட்டையில் நான் எடுத்த ஒரு திருமணத்தில், இருந்த ஒரே கார்டு பழுதாகி, தாலி கட்டிய நேரத்துப் படங்கள் அனைத்தும் போயின. பெண்ணின் தந்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்தக் குரல் என் காதைவிட்டுப் போகவில்லை.

ஏற்காட்டில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். மூடுபனியும் திடீர்த் தூறலும் உள்ள மலையில், ஈரம் புகாத கட்டமைப்பு கொண்ட கேமராவுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு அன்று. குளிர்ந்த கேமராவோடு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து, சமவெளியின் வெக்கையில் உடனே பையைத் திறந்தால் லென்ஸில் நீர் பூக்கும். அந்த ஈரம் நாளடைவில் பூஞ்சையாகிவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருப்பதும், வீட்டில் சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத பெட்டியில் வைப்பதும் நல்லது.

விலை குறைவு என்று ரசீதும் இந்திய உத்தரவாதமும் இல்லாத கேமராவை வாங்கவேண்டாம். எந்தக் கேமராவானாலும், வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து ஒரு முகூர்த்தம் முழுவதும் அதில் வேலை செய்து பாருங்கள். மண்டபத்து எல்இடி விளக்கொளியில் சத்தமில்லா ஷட்டரை வைத்தால் படத்தில் கோடுகள் விழுகின்றனவா, பேட்டரி பந்தி முடியும்வரை தாங்குகிறதா, ஆறு மணி நேரம் தூக்கியபின் மணிக்கட்டு வலிக்கிறதா என்பவை கடையில் நின்று பார்த்தால் தெரியாது. தை மாத முகூர்த்தங்களை நம்பிப் பலர் மார்கழியிலேயே கடன் வாங்கிவிடுவதால், அதற்கு முன் இக்கடிதத்தை வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருமண ஒளிப்படக் கலைஞர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.