பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து 'நல்லாயிருக்கேன்' என்ற ஒரு வார்த்தைதான் வருகிறது. வேலை அதிகமாக இருக்கும் என்கிறார் அப்பா. போன தடவை வீடியோவில் உன் முகம் உப்பித் தெரிந்தது. வெளிச்சம் அப்படி என்றாய். சரி.

நான் எழுத வந்தது பூஞ்சையைப் பற்றி. 28 வருடம் ஸ்லைடு பார்த்தவள், தெரிந்ததைச் சொல்கிறேன், கேள்.

ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து 2, 3 மைக்ரான்தான். மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். தினமும் எல்லோருக்கும் போகிறது. அதன்மேல் மெல்லிய புரத உறை ஒன்று உண்டு. அது இருக்கும்வரை நம் செல்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஈரமும் சூடும் பட்டு வித்து ஊதும்போது உறை கழன்று, சுவரிலுள்ள பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரை வெளியே தெரியும். நம் உடம்பில் எந்தச் செல்லும் அந்தச் சர்க்கரையைச் செய்வதில்லை. கண்ணில் பட்டாலே வெளியாள்தான். கிருமியை விழுங்கும் காவல் செல்லான மாக்ரோபேஜின் மேலிருக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பி அதைப் பற்றிக்கொண்டு உள்ளே சேதி அனுப்பும், பின்னாலேயே நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் திரண்டு வரும். கேண்டிடா என்ற இன்னொரு பூஞ்சை இன்னும் சாமர்த்தியம், பீட்டா குளூக்கானை மானன் என்ற போர்வைக்குள் மறைத்துக்கொள்ளும். அந்தப் போர்வையையே அடையாளம் காண டெக்டின்-2 என்ற ஏற்பி இருக்கிறது. முன்னே பின்னே பார்த்திராத பூஞ்சையானாலும் இதெல்லாம் நடக்கும்.

அந்த ஈயின் படம் ஞாபகமிருக்கிறதா? விஞ்ஞானி ஹாஃப்மானின் ஆய்வுக்கூடத்தில் 1996-இல் எடுத்தது. பூஞ்சையிலிருந்து ஈயைக் காக்கும் டோல் மரபணு பழுதான பழ ஈ, உடம்பெல்லாம் பூஞ்சை இழை முளைத்துச் செத்துக் கிடக்கும். 2011-இல் அவருக்கு நோபல் கிடைத்தபோது உன்னிடம் காட்டினேன். "ஈக்கும் நமக்கும் ஒரே காவலா அம்மா?" என்று கேட்டாய். மனிதனிடமும் டோல் போன்ற ஏற்பிகள் இருப்பது உனக்கு யாரும் சொல்லித்தராமலே தோன்றியது. லேபில் ஒருவர் விடாமல் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அவ்வளவு கேள்வி கேட்டவள், உன் உடம்பைப் பற்றி டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கிறாயா?

பொதுவாகத்தான் சொல்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவில் சாப்பிடுகிறவர்களுக்கு மாக்ரோபேஜ் வித்தை விழுங்கினாலும் கொல்லத் திணறும். மற்ற செல்களைக் கூப்பிடும் குரலும் அடங்கிவிடும். வழக்கமாக வருகிற காய்ச்சல்கூட வராமல் போகலாம். அதனால் காய்ச்சல் இல்லையே என்று சும்மா இருக்கக்கூடாது. இருமல் நீண்டால், வாயில் வெள்ளையாகப் படிந்தால், அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை நீயாக நிறுத்தவும் கூடாது, அது இன்னும் ஆபத்து. காய்ச்சல் இல்லை என்று மட்டும் இருந்துவிடாதே.

உனக்கு ஒன்பது வயதில் இடுப்பில் படர்தாமரை வந்ததே, அதற்கு வீட்டிலிருந்த ஒரு களிம்பைத் தடவினேன். நாலு நாளில் சிவப்பு மறைந்தது, ஆறிவிட்டது என்று நினைத்தேன். அது ஸ்டீராய்டு களிம்பு. அந்தச் சிவப்புதான் உன் உடம்பு பூஞ்சையைக் கண்டுகொண்டதற்கு அடையாளம். நான் அதை அழித்துவிட்டேன், பூஞ்சையை அல்ல. ஒரு மாதத்தில் முதுகு முழுக்கப் படர்ந்த பிறகுதான் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப் மூடி, லேசாகச் சூடு காட்டிப் பார்த்தேன். இழைக்கு மேல் இழை, கணு கணுவாக, பார்க்கிற இடமெல்லாம். ஊரார் தோலையெல்லாம் சுரண்டிப் பார்த்தவள், உன் தோலை முதல் நாளே பார்க்கவில்லை.

அதைவிட மோசம், நீ சரியாகக் குளிப்பதில்லை என்று அத்தை முன்னால் உன்னையே திட்டினேன். களிம்பு பற்றி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. அன்று நீ அழவில்லை, சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அதற்கப்புறம் வலி, காயம் எதையும் நீயாக வந்து சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இந்தத் தடவை யாரையும் திட்டமாட்டேன் பாப்பா. மாத்திரையின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் எழுது. அவ்வளவு போதும்.

அம்மா