மவுஸைப் பிடுங்காத தம்பிக்கு

மாடி வீட்டுத் தம்பிக்கும், மன்னார்குடிக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அண்ணனுக்கும், முகம் தெரியாத இன்னும் சிலருக்கும் இந்த மடல்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. என் லேப்டாப்புக்கு வயது பன்னிரண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வரும் அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 இந்த மெஷினில் ஏறாது. கொண்டுபோய்க் காட்டிய ஒரு கடையில், "பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும் மேடம்" என்று சிரித்தார்கள்.

தம்பி, நீதான் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை 8 ஜிபி பென் டிரைவில் போட்டு எடுத்து வந்தாய். "உடனே இன்ஸ்டால் பண்ண வேண்டாம் டீச்சர். பென் டிரைவ்லயே ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா ரீஸ்டார்ட் பண்ணும்போது அதை எடுத்துடுங்க, பழையபடி ஆயிடும்" என்றாய். அந்த ஒரு வார்த்தையில் பாதி பயம் போனது. மூன்று நாள் அப்படியே ஓட்டினேன்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன், எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாய். எதற்கு இத்தனை ஜாக்கிரதை என்று உன்னிடம் சலித்துக்கொண்டேன். அண்ணன் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் இன்னும் சில மாதம்தான் தாங்கும் என்றார். அதற்குப் பதிலாக, வேகமான புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினார். பழைய டிஸ்க்கை ஒரு பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அண்ணா, உங்களுக்கு என் கடன் பாக்கி இருக்கிறது.

வேலை முடிந்ததும் வைஃபை வரவில்லை. எனக்குக் கை நடுங்கியது. நீ என் செல்போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பினாய். அப்புறம் வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருளைத் தேடித் தரும் டிரைவர் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாய். ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிட்டது.

தமிழ் விசைப்பலகையில்தான் வேடிக்கை. பட்டியலில் தமிழ் எண்களோடு வரும் வகையை நான் தேர்ந்தெடுத்துவிட்டேன் போல. போன் நம்பர் அடித்தால் ௯, ௪, ௪ என்று வருகிறது! தமிழ் எண்களைச் சொல்லிக்கொடுத்த எனக்கே ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. நீ சொல்லச் சொல்ல, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையை வைத்தேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி தானாக விழுவதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பழைய வினாத்தாள்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்ததால், வேர்டுக்குப் பதிலாக இதில் வரும் லிப்ரே ஆபீஸில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தன. எழுத்துருவைச் சேர்த்ததும் படிக்க முடிந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன். பிரின்டர் ஓடுகிறது. ஸ்கேனர் மட்டும் இன்னும் அசையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மெனுக்களைத் தமிழாக்கிய தன்னார்வலர்களுக்கு ஒரு தமிழாசிரியையின் வணக்கம். ஓரிரு இடங்களில் சிவப்பு மையை எடுக்கக் கை துறுதுறுத்தது உண்மைதான், ஆனால் சம்பளமில்லாமல் யார் இதைச் செய்வார்கள்? யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளை, 2012 முதல் தமிழில் விளக்கிவரும் கணியம் குழுவினருக்கும் நன்றி. 1991-இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸைத் தொடங்கினாராம். நான் ஆசிரியர் வேலையில் சேர்ந்ததும் அந்த வருடம்தான்.

ஆனால் தம்பி, எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இதுவரை எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும், "தள்ளுங்க, நான் பண்றேன்" என்று மவுஸைப் பிடுங்கிக்கொண்டார்கள், என் மகன் உட்பட. நீ ஒருமுறைகூட அதைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "இடது பக்கம் கீழ பாருங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாய். நான் தப்பாக அழுத்தியபோதும் பொறுத்துக்கொண்டாய். முப்பது வருடம் பாடம் நடத்திய நான், பிள்ளைகளிடம் அத்தனை பொறுமையாக இருந்ததாகச் சொல்ல முடியாது.

உன் பென் டிரைவ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா தன் பழைய மெஷினில் ஓட்டிப் பார்க்கக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பக்கத்தில் நிற்கப் போகிறேன். முடிந்ததும் திருப்பித் தருகிறேன்.