999 அழைப்பில் இருப்பிடம்: பணம் எங்கே போக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து அவசர உதவி எண் 999-ஐ அழைப்பவருக்கு வாயடைத்துப் போகும் கேள்வி "எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான். தெருப்பெயர் கிடையாது, வீட்டு எண் கிடையாது. எந்தச் சந்தியில் நின்றாலும் நாலு பக்கமும் ஒரே மாதிரி நிரை. வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயரையே சரியாகச் சொல்ல வராது. அழைப்பை எடுப்பவரும் உள்ளூர்க்காரர் அல்லர். அழைப்பு மையத்தில் எடுத்து, விவரம் கேட்டு, அதன்பிறகே போலீஸுக்கோ மருத்துவமனைக்கோ பொம்பா எனும் தீயணைப்புப் படைக்கோ மாற்றிவிடுகிறார்கள்.

கைப்பேசி எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்பது நெட்வொர்க்குக்குத் தெரியும். பட்டணத்தில் கோபுரங்கள் நெருக்கம், அதுவே போதும். தோட்டப் பகுதியில் ஒரே கோபுரம் பல கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்கிறது. 2 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் ஏறக்குறைய 1,250 ஹெக்டர். ஒரு தோட்டமே அதற்குள் அடங்கிவிடும். அதையே 50 மீட்டராகக் குறைத்தால், 9 மீட்டர் இடைவெளியில் நட்ட மரங்களில் நூற்றுச் சொச்சம்தான். சத்தம் போட்டால் காதில் விழும்.

இப்படிக் குறைக்க வழி உண்டு. பிரிட்டனில் 2014-இல் தொடங்கிய அட்வான்ஸ்டு மொபைல் லொகேஷன் என்ற முறை. அவசர எண்ணை அழுத்தியதும் கைப்பேசி தானே ஜிபிஎஸ்ஸைத் திறந்து, சுமார் 20 விநாடிக்குள் கிடைத்ததைக் குறுஞ்செய்தியாக மையத்துக்கு அனுப்பிவிடும். அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம், எந்த நேரத்தில் எந்த முறையில் கணித்தது எல்லாம் அதில் இருக்கும். செயலி எதையும் பதிவிறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டிலும், 2018-இல் வந்த ஐஓஎஸ் 11.3 முதல் ஐபோனிலும் இது உள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்தந்த நாட்டு மையம் செய்தியைப் பெறத் தயாரானால்தான் கூகுளும் ஆப்பிளும் அதைத் திறந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் 17 முதல் விற்கும் ஸ்மார்ட்போன்களுக்கு அவசர அழைப்பில் இருப்பிடம் அனுப்பும் வசதி கட்டாயம்.

ஆக, கைப்பேசிப் பக்கம் செலவே இல்லை. சிக்கல் மற்ற இடங்களில். மரம் உயர்ந்த பழைய புளோக்கில் (எண்ணிட்ட நடவுப் பகுதியில்) ஓலைகள் செயற்கைக்கோள் சிக்னலை மங்கச் செய்யும். டேட்டா இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வானத்திலிருந்தே விவரத்தை இறக்க வேண்டும். அதற்கே அரை நிமிடம் போய்விடும். பட்டணத்தில் சுற்றிலும் உள்ள வைஃபையை வைத்துக் கணித்துவிடலாம், தோட்டத்தில் வைஃபை ஏது? பட்டன் போனுக்கோ இந்த வசதியே கிடையாது.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில் திரையில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வரும். பேச்சு வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகப் போய்விடும். குறுஞ்செய்தி போகாது, ஏனென்றால் அந்த நெட்வொர்க்கில் உங்கள் சிம் பதிவாகவில்லை. அழைப்பு அறுந்தால் மையம் திரும்ப அழைக்கவும் முடியாது. இருப்பிடம் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது கிடைக்காமல் போகிறது. அழைப்பைச் சுமக்கும் நெட்வொர்க்கே கணித்துச் சொல்வதுதான் இதற்கு வழி. கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் உள்ள தூரத்தை 4ஜி சுமார் 78 மீட்டர் படிகளில் அளக்கும். எந்தத் திசைப் பகுதி என்பதும் தெரியும். அதை எடுத்து மையத்துக்கு அனுப்ப ஒவ்வொரு நிறுவனத்திலும் இருப்பிடச் சர்வர் என்ற தனிக் கணினி அமைப்பு வேண்டும். காசு கேட்கும் இடம் இதுதான்.

புதிய கட்டணம் எதுவும் வேண்டாம். உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வரையறுத்த நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை ஏற்கெனவே அனைவருக்குமான சேவை நிதிக்குக் கட்டுகின்றன. உட்புறங்களில் கோபுரம் எழுப்ப அது உதவுகிறது. அதில் இருப்பிடச் சேவைக்கென்று தனிக்கணக்கு திறந்து, வேறெதற்கும் எடுக்கக்கூடாது என்று பூட்ட வேண்டும். அமெரிக்காவில் அந்நாட்டு அவசர எண்ணான 911-க்கென்று மாதாந்திர போன் பில்லில் வாங்கிய பணத்தைச் சில மாநிலங்கள் வேறு செலவுக்குத் திருப்பின. கடைசியில், வசூலும் செலவும் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை வேண்டும் என்று 2008-இல் சட்டமே போட வேண்டியதாயிற்று. நாம் அதை முதலிலேயே போட்டுவிடலாம்.

அந்தக் கணக்கில் மறந்துவிடக்கூடாதது வரைபடம். திரையில் புள்ளி சரியாக விழுந்தாலும், ஆம்புலன்ஸ் பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் என்ன பயன்? எந்த இரும்புக் கேட் இரவில் பூட்டியிருக்கும், சாவி யாரிடம், எந்த மரப்பாலம் வண்டியைத் தாங்காது என்பவை பொது வரைபடத்தில் கிடையாது. தோட்ட அலுவலகத்தில் புளோக் வரைபடம் இருக்கிறது. வரப்பு ஓரத்து அறிவிப்புப் பலகையில் புளோக் எண், ஹெக்டர், நட்ட ஆண்டு எழுதியிருக்கிறது. அந்த எண்களை மையத்தின் வரைபடத்தில் ஏற்ற, தோட்டத்துக்கு ஒரு கிராணியும் (அலுவலக எழுத்தர்) சில நாட்களும் போதும். ஏற்றியதோடு விட்டுவிடக்கூடாது. மறுநடவு நடந்தால் புளோக்கும் பாதையும் மாறும், ஆகவே ஆண்டுக்கொருமுறை திருத்தத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இன்னொன்றும் செய்யலாம். மையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, மூன்று மாதத்துக்கொருமுறை மாவட்டந்தோறும் தோட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு நிறுவனச் சிம்மிலும் சோதனை அழைப்பு செய்யட்டும். எத்தனை விநாடியில் இருப்பிடம் வந்தது, எத்தனை மீட்டர் தள்ளி விழுந்தது, எத்தனை அழைப்பில் வரவே இல்லை என்ற மூன்று எண்களையும் நிறுவனத்தின் பெயரோடு வெளியிடட்டும்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்புத் துறை வாசகர்கள் சிலர்,
லாபிஸ், ஜொகூர்